கோவில் மண்டபத்தில் கேட்ட கேள்விகள்: ஏழை நாடுகளின் நோயும் அரசியலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கோவில் மண்டபத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பிரஷரும் சுகரும் பார்க்கிறோம். நான் அரசாங்க கிளினிக்கில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லாருக்கும் மிஸ்ஸிதான். விரலில் குத்தி, மீட்டரில் எண் வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். முன்பெல்லாம் மூட்டு வலி, கால் வீக்கம். கோவிட்டுக்குப் பிறகு கேள்விகளே வேறு: அமெரிக்கா ஏன் விலகியது, மருந்து ஏன் விலை, ஊசியில் என்ன கலக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை மட்டும் அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மிஸ்ஸி, உலக சுகாதாரம் உலக சுகாதாரம்னு பேசுறாங்களே, நமக்கு அது எதுக்கு? நம்ம லோங்காங்கைச் சுத்தம் பண்ணா போதாதா?

லோங்காங், அதாவது சாக்கடை, சுத்தம் வேண்டியதுதான். ஆனால் 1998-ஐ நினைத்துப் பாருங்கள். ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனபோது அதுவும் கூடவே நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதுக் கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகளுக்குக் குறையாமல் கொன்று புதைத்தார்கள்.

பழந்தின்னி வௌவாலிடம் இருந்த கிருமி அது. பிறகு வங்காளதேசத்தில் தலைகாட்டியது, 2018-இல் கேரளாவில் கோழிக்கோட்டுப் பக்கம் வந்தது. அதற்குள் கிருமிக்கு ஒரு பெயரும் பரிசோதனையும் இருந்ததால் அங்கே சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். நம் பண்ணைக்காரர்கள் செத்துக் கற்றுக்கொடுத்த பாடம் கோழிக்கோடு வரை போய்ச் சேர ஒரு வழி வேண்டுமல்லவா? உலக சுகாதாரம் என்பது பெரும்பாலும் அந்த வழிதான்.

உலக சுகாதார நிறுவனம்னா பெரிய ஆஸ்பத்திரியா? அவங்களே டாக்டரை அனுப்பி வைத்தியம் பார்க்க வேண்டியதுதானே?

ஆஸ்பத்திரி இல்லை. 1948-இல் தொடங்கிய, ஜெனீவாவில் தலைமையகம் உள்ள, நாடுகளின் கூட்டமைப்பு. ஆலோசனை சொல்லும், எச்சரிக்கை விடும், எந்த மருந்து தரமானது என்று பட்டியல் போடும், அழைத்தால் ஆள் அனுப்பும். ஒரு நாட்டின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக அதற்கு அதிகாரம் கிடையாது.

பணம்தான் அதற்குப் பெரிய சிக்கல். உறுப்பு நாடுகள் கட்டும் சந்தா, மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீதி எல்லாம் நன்கொடை, அதுவும் 'இந்த வேலைக்கு மட்டும்' என்று கட்டி அனுப்புவது. நம் திருவிழாக் கணக்கு மாதிரிதான். அன்னதானத்துக்கு உபயம் எழுத, போர்டில் பெயர் போட, ஆள் வரிசையில் நிற்பார்கள். கோவில் கரண்டு பில்லுக்கு உபயம் எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. இதனால்தான் 2022-இல் சந்தாவைப் படிப்படியாக உயர்த்தி, 2030 வாக்கில் அடிப்படை பட்ஜெட்டில் பாதிக்குக் கொண்டுவர முடிவு செய்தார்கள்.

ஏழை நாட்டுக்காரங்க சுத்தமா இருந்தா நோய் வருமா? அவங்க தப்புதானே?

இதைக் கேட்டவர் என் வயசுக்காரர், லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அதனால் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பைப்பு. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகிற அம்மா நாலு மணிக்கே வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுவார். வாளி நகர்ந்திருந்தால் அன்றைக்குச் சண்டை. பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் அந்த ஒரு வாளியில்தான், சமையலும் அதில்தான்.

என் அப்பா தோட்டத்து டிரசர், மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர். அவருடைய டிஸ்பென்சரி ரிஜிஸ்டரில் வயிற்றுப்போக்குக்கு ஒரு பத்தி இருக்கும், மாதம் முழுக்க நீல மையில் நிரம்பி வழியும். வீட்டுக்கு வீடு பைப்பு போட்ட வருடத்தில் அந்தப் பத்தி காலியாகத் தொடங்கியது. சனங்கள் திடீரென்று சுத்தக்காரர்களாகிவிடவில்லை, தண்ணீர் வந்தது. பைப்பு போடலாமா என்று முடிவு செய்தது துரை, வரிசையில் நின்றது நாங்கள். நாடுகளுக்கு நடுவிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

மலேரியா நம்ம தாத்தா காலத்துக் காய்ச்சலாச்சே. இன்னமுமா இருக்கு?

நன்றாகவே இருக்கிறது. 2023-இல் உலகத்தில் சுமார் 26 கோடிப் பேருக்கு வந்து 6 லட்சம் பேர் வரை இறந்தார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் பரவும் மனித மலேரியா இல்லை. குரங்கிடமிருந்து வரும் நோலெசி வகை மட்டும் இன்னும் இருக்கிறது, காட்டோரம் வேலை செய்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை இதில் ரொம்ப முக்கியம். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, காட்டைத் திருத்தினார். காய்ச்சல் குறைந்தது. சரி, வழி கிடைத்துவிட்டது என்று மலையோரத் தோட்டங்களிலும் காட்டை வெட்டினார்கள். அங்கே காய்ச்சல் கூடியது! கரையோரத்துக் கொசு நிழலும் தேங்கிய நீரும் தேடுவது. மலையடிவாரத்துக் கொசு வெயில் படுகிற தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. மரத்தை வெட்டியதும் அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஓடையைப் பூமிக்கடியில் குழாயில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் டின் சுமந்து எண்ணெய் அடித்தவர்களும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று கொயினா என்ற மலேரியா மருந்தை விழுங்கியவர்களும் நம் தாத்தா பாட்டிகள்தான்.

கிள்ளானுக்கு ஆன வைத்தியம் மலையோரத்தில் ஆகவில்லை என்றால், ஜெனீவாவில் எழுதிய திட்டம் காங்கோவில் அப்படியே பலிக்குமா?

பெரியம்மையை ஒழிச்சாங்களே, அதே மாதிரி போலியோவை ஏன் முடிக்க முடியல?

பெரியம்மையில் இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977-இல் சோமாலியாவில். 1980-இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அப்போது அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத காலம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் கை கோர்த்தன. தடுப்பூசியில் பெரும்பங்கு சோவியத்திலிருந்து வந்தது.

போலியோவில் சனங்களின் நம்பிக்கை உடைந்தது. 2003-இல் நைஜீரியாவின் கானோ மாநிலம், சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் இருக்கிறது என்ற வதந்தியை நம்பி நிறுத்திவிட்டது. கிருமி அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. கடைசியில் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்து என்றதும்தான் 2004-இல் ஏற்றுக்கொண்டார்கள். மருந்து ஒன்றுதான், வந்த திசைதான் வேறு.

பாகிஸ்தானில் வேறு கதை. பின்லாடனைத் தேடும் வேலைக்கு அமெரிக்க உளவுத்துறை 2011-இல் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் என்ற வேஷம் போட்டது. அது வெளியே தெரிந்த பிறகு, வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்கள் சுடப்பட்டார்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி மறைப்பாகப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-இல் அமெரிக்கா சொன்னது. நானும் வாளியும் ஐஸ் பெட்டியுமாக வீடு வீடாகப் போனவள். 'மிஸ்ஸி வந்திருக்கா' என்று கதவைத் திறப்பதற்குப் பின்னால் எத்தனை வருட நம்பிக்கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை ஒரே நாளில் உடைத்துவிடலாம். இயற்கைப் போலியோ இன்றும் நிற்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும்தான்.

அது எங்கேயோ நடக்குது. நமக்குப் போலியோ வராதுல்ல?

2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு வந்தது, 27 வருடத்துக்குப் பிறகு. ஊசிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

நல்ல மருந்தெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கிறான். ஏழை நாடு கையேந்தித்தானே ஆகணும்?

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசநோய்க்காரரை மலைமேல் இருக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்த காலத்தில், சென்னையில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. 1950-களின் பிற்பகுதி. நெருக்கடியான குடிசையில், சரியான சாப்பாடு இல்லாத நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்த முடிவு அது.

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நிரூபணமானது. 1971-இல் வங்காள அகதி முகாமில் காலராக்காரர்களுக்கு ஏற்ற சலைன் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மஹாலனோபிஸ் டிரம்மில் கரைத்துக் கொடுத்தே ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்றைய மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் சீனாவில் ஒரு பழைய மூலிகையிலிருந்து வந்தது. அதற்காகத் தூ யூயூ 2015-இல் நோபல் வாங்கினார்.

அப்படின்னா மருந்து ஏன் இவ்வளவு விலை? மாத்திரை செய்ய அவ்வளவா செலவாகும்?

செய்ய அவ்வளவு ஆகாது. உரிமைக்குத்தான் விலை. உலக வாணிப நிறுவனத்தின் 1995 ஒப்பந்தப்படி புது மருந்துக்கு 20 வருடக் காப்புரிமை. அதுவரை வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது.

எய்ட்ஸ் மருந்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா கம்பெனி, தொண்டு நிறுவனங்களுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. அதே சமயத்தில் மலிவு மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் தென்னாப்பிரிக்க அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருந்தன. உலகமே கேள்வி கேட்டதும் ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். அந்த வருடம் நவம்பரில் டோஹாவில் எல்லா நாடுகளும் உட்கார்ந்து, மக்களின் உயிர் என்று வந்தால் காப்புரிமையைத் தாண்டி மலிவு மருந்துக்கு அனுமதி கொடுக்க நாடுகளுக்கு உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்தன.

மலேசியா வளர்ந்த நாடா, வளர்ற நாடா? எதுல நாம சேர்த்தி?

உலக வங்கிக் கணக்கில் மேல்நடுத்தர வருமான நாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்று உதவித்தொகை மறுத்தார்கள், அந்தச் சம்பளத்தில் வீடும் வாங்க முடியவில்லை. நாட்டுக்கும் அதே நிலைமை. தானம் வாங்க முடியாத பணக்காரன், விலை கொடுத்து வாங்க முடியாத ஏழை.

ஹெபடைட்டிஸ் சி-யைப் பாருங்கள். ஈரலை மெல்ல மெல்லத் தின்னும் நோய், நம் நாட்டில் சுமார் நான்கு லட்சம் பேருக்கு இருப்பதாக மதிப்பிட்டார்கள். சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரையை இன்னொரு மருந்தோடு சேர்த்து மூன்று மாதம் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். அமெரிக்காவில் ஆரம்ப விலை 84,000 டாலர். அதன் காப்புரிமையை வைத்திருந்த கிலியட் கம்பெனி 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு மலிவு உரிமம் கொடுத்தபோது ஏழை நாடுகளைச் சேர்த்தது, மேல்நடுத்தர மலேசியாவை விட்டுவிட்டது. 2017 ஆகஸ்டில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அதற்குள் நம் அரசாங்கம் வேறு முடிவுக்கு வந்திருந்தது. செப்டம்பரில், கம்பெனியின் சம்மதத்துக்குக் காத்திராமல் மலிவு மருந்து வாங்க வழிசெய்யும் அரசாங்கப் பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொண்டது. இந்த மருந்துக்கு அப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. எகிப்தின் மலிவுத் தயாரிப்பைச் சேர்த்து, ஒரு நோயாளிக்கு சுமார் 300 டாலரில் முடிந்தது. அடுத்த வருடம் முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம்.

இது முதல் தடவையும் இல்லை. 2003-இலேயே எச்.ஐ.வி. மருந்துக்கு இப்படிச் செய்து சிப்லாவிடமிருந்து இறக்கினார்கள், மாதச் செலவு ஐந்தில் ஒரு பங்காக விழுந்தது. நம் அரசாங்கத்தைக் குறை சொல்ல எனக்கு எத்தனையோ இருக்கிறது. இந்த இரண்டு விஷயத்தில் கை தட்டத்தான் வேண்டும்.

அடுத்தவன் கண்டுபிடிச்சதை எடுத்துக்கிறது திருட்டு இல்லையா மிஸ்ஸி?

காலேஜ் படிக்கும் பையன் கேட்டது, நியாயமான கேள்விதான். சட்டப்படி திருட்டு இல்லை. மேலே சொன்ன டோஹா உடன்பாடும், நம் 1983 காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் அனுமதிக்கின்றன. உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும், அரசாங்க மருத்துவமனைக்கு மட்டும்தான் பயன்படுத்தலாம்.

கம்பெனி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பத்து மருந்தில் ஒன்பது பாதியில் தோற்கும், அந்தச் செலவையும் எங்கேயாவது எடுக்க வேண்டும். ஆனால் சோஃபோஸ்புவிரை கிலியட் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்த சிறிய கம்பெனியை 2011-இல் சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நோயாளி கட்டும் விலையில் ஆராய்ச்சி எவ்வளவு, பங்குச் சந்தை எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் திருட்டைப் பற்றிப் பேசலாம் தம்பி.

கோவிட் ஊசி நமக்குக் கிடைச்சதே. அப்புறம் என்ன அநியாயம்?

நமக்குக் கிடைத்தது, 2021 பிப்ரவரி கடைசியில் தொடங்கினோம். கொஞ்சம் தாமதம்தான், அந்த ஜூலையில் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டியவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பழைய தலையணை உறையைக் கம்பில் கட்டியிருந்தார் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒருவர்.

ஏழை நாடுகளுக்காகக் கோவாக்ஸ் என்று பொதுத் திட்டம் வைத்திருந்தார்கள். அது பெரிதும் நம்பியது புனேயில் தயாரான ஊசியை. 2021 மார்ச்சில் இந்தியாவிலேயே நோய் கொழுந்துவிட்டதும் ஏற்றுமதி நின்றது, ஆப்பிரிக்கா காத்துக் கிடந்தது. அந்த வருடம் முடியும்போது பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசி, மிக ஏழை நாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட முதல் ஊசி இல்லை. காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே கேட்டன. ஒரு நறுக்கிய முடிவு வந்தது 2022 ஜூனில். அதற்குள் அவசரம் போய்விட்டது.

அமெரிக்கா விலகிடுச்சாமே. போனா போகட்டும், நமக்கு என்ன நஷ்டம்?

உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலக 2025 ஜனவரி 20-இல் டிரம்ப் உத்தரவு போட்டார், ஒரு வருட முன்னறிவிப்புக்குப் பிறகு விலகல் நடப்புக்கு வந்தது. கோவில் கணக்கில் சொன்னால், பெரிய உபயதாரர் போய்விட்டார். அதே வருடம் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டையும் மூடினார்கள். உகாண்டாவிலும் மலாவியிலும் எய்ட்ஸ் மாத்திரை கொடுத்த பல கிளினிக்குகள் அந்தப் பணத்தில் நடந்தவை.

மலேசியா அந்தப் பணத்தில் வாழவில்லை. நஷ்டம் வேறு வழியில் வரும். எங்கோ ஒரு ஊரில் புதுக் காய்ச்சல் வந்தால் முதலில் பார்ப்பது அங்கே இருக்கும் ஒரு ஆய்வகம். அதை மூடினால் நமக்குச் செய்தி தாமதமாக வரும். நிப்பாவில் நாம் கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கொடுத்தாலும் அந்த நாட்டுத் தலைவனுங்க சுருட்டிக்கிறானுங்க. அப்புறம் எதுக்குக் கொடுக்கணும்?

சுருட்டுவது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 2001-இல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் அபூஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 விழுக்காடு சுகாதாரத்துக்கு என்று வாக்குக் கொடுத்தார்கள். காப்பாற்றியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆனால் கடன் வட்டியையும் பாருங்கள். கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவழிப்பதைவிட வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. 2023-இல் சொன்னது. இன்னொரு பக்கம், ஏழை நாடு செலவு செய்து படிக்க வைத்த தாதியைப் பணக்கார நாடு இலவசமாக எடுத்துக்கொள்கிறது. என்னோடு பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் சிங்கப்பூரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள்! நம் இளம் டாக்டர்களே ஒப்பந்த வேலை வேண்டாம் என்று 2021 ஜூலையில் கறுப்புச் சட்டையோடு வெளியே வந்து நின்றார்கள்.

டிபி எல்லாம் பங்களாக்காரங்களாலதானே வருது? அவங்களை அனுப்பிட்டா போகாதா?

வங்காளதேசத்துத் தொழிலாளிகளைப் பற்றிய இதுதான் அதிகம் வரும் கேள்வி. மலேசியாவில் வருடத்துக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கிறார்கள். பெரும்பாலோர் மலேசியர்கள். வெளிநாட்டுத் தொழிலாளியாவது வேலைக்குச் சேரும்போது எக்ஸ்ரே எடுக்கிறார். உங்கள் மாமா கடைசியாக எப்போது எடுத்தார்?

நோய் பரவ இடம் கொடுப்பது நெருக்கடியும் பயமும். செம்பனைத் தோட்டத்தில் பத்துப் பேர் ஒரு அறையில். இருமல் என்று சொன்னால் 'தகுதியில்லை' முத்திரை விழும், ஊருக்கு அனுப்புவார்கள், ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும். அந்த நிலையில் நீங்களாக இருந்தால் சொல்வீர்களா, கைக்குட்டையில் இருமிக்கொண்டு வேலைக்குப் போவீர்களா? நூறு வருடத்துக்கு முன் நம் ஆட்களைத்தான் 'நோய் கொண்டுவரும் கூலி' என்று போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் தனியே அடைத்து வைத்தார்கள்.

ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சாதாரண காசநோய் குணமாகும். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்தான் எனக்குப் பயம், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.

ஐசி இல்லாதவங்க கிளினிக் போனா பிடிச்சுக் கொடுத்துருவாங்களா?

ஐசி என்பது அடையாளக் கார்டு. பத்திரம் இல்லாத குடியேறிகளைத் தெரிவிக்க வேண்டும் என்ற 2001 சுற்றறிக்கை இருக்கிறது. இந்தப் பயத்துக்கு அதுதான் காரணம். 2020 மே முதல் தேதி, கோவிட் அடைப்பு நேரத்தில் கோலாலம்பூரில் பெரிய சோதனை நடந்தது. அதன் பிறகு பரிசோதனைக்கு வரச் சொன்னால் ஆள் வரவில்லை. வியப்பென்ன?

நம் சனத்திலும் இங்கேயே பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் உண்டு. குடிமகனுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்), அவர்களுக்கு வெளிநாட்டார் கட்டணம். பழைய தோட்டத்துக் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், அம்மாவின் ஐசி, எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். விண்ணப்பத்தை நிரப்ப மண்டபத்தில் ஆள் இருக்கிறது. அதற்காகக் காய்ச்சலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

சுகர் நோய்க்கும் உலக அரசியலுக்கும் என்ன? அது வாய்க்கட்டுப்பாடு இல்லாததுதானே?

2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4. மூன்றில் ஒருவருக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் தாமான் வாசலில் மலிவாகக் கிடைப்பது என்ன? தேத்தண்ணியில் கெட்டிப்பால் கண்ணாடிக் குவளையில் இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கும், அதன் மேல்தான் சாயம். காய்கறி விலையோ உங்களுக்கே தெரியும்.

2019 ஜூலையில் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள், பிறகு உயர்த்தினார்கள். நல்ல வேலை, ஆனால் ஒட்டுக்கடைத் தேத்தண்ணி அதில் மாட்டாது. சிகரெட்டில் இன்னும் பெரிய முயற்சி நடந்தது. 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு விற்கவே கூடாது என்ற பிரிவு 2023-இல் மசோதாவிலிருந்து கழன்றுபோனது. அரசியலமைப்புக்கு முரண் என்று காரணம் சொன்னார்கள். சிகரெட் கம்பெனிகள் அன்றைக்கு அழுதிருக்காது.

பெருந்தொற்று ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா நம்ம நாட்டை அவங்க பூட்டிடலாமாம்ல? வாட்சாப்ல வந்துச்சு.

அந்த ஒப்பந்தத்தை உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் 2025 மே 20-இல் ஏற்றுக்கொண்டார்கள். முந்தின நாள் குழு வாக்கெடுப்பில் ஆதரவு 124, எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் ஒதுங்கின. ஊரடங்கு போடவோ ஊசியைக் கட்டாயப்படுத்தவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

உண்மையான சண்டை வேறு இடத்தில். 2007-இல் இந்தோனேசியாவின் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா பறவைக்காய்ச்சல் கிருமி மாதிரிகளைக் கொடுக்க மறுத்தார். எங்கள் கிருமியை எடுத்து ஊசி செய்கிறீர்கள், அந்த ஊசியை வாங்க எங்களிடம் காசு இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார். ஆபத்தான பிடிவாதம்தான், ஆனால் கேள்வி சரி. 2011-இல் ஃப்ளூ காய்ச்சல் கிருமிகளுக்கு ஒரு பங்கீட்டு ஏற்பாடு வந்தது அதனால்தான். புது ஒப்பந்தம் அதை எல்லாப் பெருந்தொற்றுக்கும் விரிக்கிறது: தயாரிப்பில் ஐந்தில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும், அதில் பாதியாவது தானமாக. இதன் விவரங்களைத் தனி இணைப்பாகப் பேசி முடித்த பிறகுதான் நாடுகள் கையெழுத்திடும். வாட்சாப்பில் இந்தப் பகுதி வராது.

சரி மிஸ்ஸி, இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். நம்ம ஓட்டுக்கும் இதுக்கும் என்ன?

போன தேர்தலில் ஒரு வேட்பாளர் மண்டபத்துக்கு வந்தார். மாலை, பேச்சு, அரிசிப் பை எல்லாம் முடிந்து கிளம்பும்போது, எண்பது வயதுப் பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது டிஸ்பென்சரியை மூடினார்கள், அது எங்கள் அப்பா உட்கார்ந்த டிஸ்பென்சரி. கிளினிக்குக்குப் போக ஒரு பஸ் இருந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள். பாட்டி கேட்டது அந்தப் பஸ்ஸை மட்டும்தான். மருந்து 1 வெள்ளிதான் தம்பி, போய்வர டாக்சிக்கு 40 வெள்ளி என்றார்.

வேட்பாளர் உதவியாளரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். தாள் இல்லாமல் அரிசிப் பையின் மேலேயே எழுதினார்கள். அப்புறம் அந்தப் பையையே பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டி இன்னும் பேரன் மோட்டாரின் பின்னால்தான் கிளினிக்குக்கு வருகிறார், மழை இல்லாத நாளில்.